வல்லாரை கொடுக்கலாம், மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 64 வயது. 12 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாக ஞாபகம் தவறுகிறது, முற்பகலில் பேச்சு குழறுகிறது. ஆரியங்காவு உறவினர் பிரம்மி கொடுக்கச் சொல்கிறார். தினமும் காலையில் பாகற்காய்ச் சாறும் தருகிறேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, புளியரை

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. செங்கோட்டையில் சித்த மருத்துவம் பார்க்கிற நானே சொல்கிறேன்.

அந்த முற்பகல் குழறல்தான் எனக்குக் கவலை. கிளிமிபிரைடோடு பாகற்காய்ச் சாறும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம்; மூளை உடனே தடுமாறும். சாற்றை இன்றே விடுங்கள். குழறும்போதே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால், 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அளவு சரியாக இருந்தும் குழறினால், வாய் கோணினால், 108ஐக் கூப்பிடுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.

அப்புறம், மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். அதனாலும் மறதி வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். என் அப்பாவுக்கு அதைப் பார்க்காமலே இரண்டு வருடம் போனது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிரம்மி விஷயம்: மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், பிரம்மி என்றால் நீர்ப்பிரம்மி. நாம் துவையல் அரைக்கும் வல்லாரை வேறு செடி, அங்கே அதைக் குடங்கல் என்பார்கள். வாரம் இரண்டு நாள் வல்லாரைத் துவையல் சாப்பிடட்டும். ஆனால் சர்க்கரையால் வந்த மறதியை இந்த இரண்டும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரைச் சீட்டோடு இந்த வாரமே அவருடைய டாக்டரைப் பாருங்கள். சாறு கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.