பைப் மாற்றிய பிறகு சோலார் ஹீட்டரில் சுடுதண்ணீர் சரியாக வரவில்லை. டியூப் மாற்றத்தான் வேண்டுமா?

வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் அந்தக் கண்ணாடி டியூப்புக்கு இப்போதைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஓவர்ஹெட் டேங்க் கழுவி, மொட்டை மாடி பைப்பை மாற்றிய மறுநாளே ஹீட்டர் மக்கர் செய்கிறது என்றால், பிளம்பர் கை வைத்த இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மாடி பாத்ரூமில் நூல் மாதிரி வருகிறது, கீழே வெதுவெதுப்பாக வருகிறது என்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம்.

நல்ல வெயில் அடித்த நாளில் மாலை நாலு மணிக்கு, கீழே ஒருவரை ஹாட் குழாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, சோலார் டேங்கிலிருந்து வெளியே வரும் பைப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் டியூப் வேலை செய்கிறது. டியூப் உடைந்திருந்தால் டேங்க் தண்ணீர் மாடியில் கொட்டிவிடும், யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. வேக்குவம் (கண்ணாடிச் சுவருக்குள் இருக்கும் வெற்றிடம்) போன டியூப்பின் கீழ் முனையில் இருக்கும் வெள்ளிப் பூச்சு பால் போல வெளுத்திருக்கும். அப்படி இருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இந்தச் சோதனை செய்து பயனில்லை.

நூல் மாதிரி வருவது பெரும்பாலும் ஏர் லாக். புது பைப்பைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஏற்றி இறக்கியிருப்பார்கள். அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். கீழ் பாத்ரூம் மிக்சரில் (சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாய்) ஹாட், கோல்டு இரண்டையும் திறந்து, குழாயின் வாயை உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்தி மூடுங்கள். பச்சைத் தண்ணீர் ஹாட் பைப்பில் பின்னால் ஏறி, காற்றை மேலே தள்ளும். இரண்டு மூன்று தடவை செய்யலாம். மறுபடி மறுபடி அடைத்தால், அந்த மேட்டில் ஒரு டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு, ஓவர்ஹெட் டேங்கின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வென்ட் பைப் (காற்று போகும் திறந்த பைப்) நிறுத்த வேண்டும். ஏற்கெனவே இருக்கும் வென்ட்டை "தண்ணீர் வழியுது" என்று மூடி போட்டு அடைத்திருந்தால் உடனே கழற்றுங்கள், அது ஆபத்து: பிரஷர் தாங்காத டேங்க் உப்பலாம் அல்லது உள்வாங்கலாம். ஒரே ஒரு குழாயில் மட்டும் குறைவு என்றால் அதன் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். போர் தண்ணீர், லாரித் தண்ணீர் வீடுகளில் பைப் அறுக்கும்போது பெயர்ந்த உப்புச் செதில் அங்கே போய் உட்காரும்.

வெதுவெதுப்புதான் ஆளை ஏமாற்றும். சோலார் டேங்குக்குப் போகும் பச்சைத் தண்ணீர் வால்வை மூடிவிட்டு, ஹாட் குழாயைத் திறந்து வையுங்கள். சில நிமிடத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். நிற்காமல் பச்சையாக வந்துகொண்டே இருந்தால், ஏதோ ஒரு மிக்சர் வழியாகப் பச்சைத் தண்ணீர் ஹாட் லைனில் கலக்கிறது. ஒவ்வொரு பாத்ரூமாக மிக்சருக்குக் கீழே உள்ள கோல்டு ஆங்கிள் காக்கை (சுவரில் உள்ள சின்ன வால்வு) மூடுங்கள். எதை மூடும்போது நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி. கைப்பிடியில் நிறுத்தும் ஷவர் வைத்து, மிக்சரை இரண்டு பக்கமும் திறந்தே விடுகிற பாத்ரூமை முதலில் பாருங்கள். கோல்டு லைனுக்கு மட்டும் பிரஷர் பம்ப் போட்ட வீடுகளில் இது சகஜம். அந்த மிக்சரின் ஹாட் வரவில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) போட்டால் தீரும். அம்புக்குறி மிக்சரைப் பார்க்க வேண்டும், திருப்பிப் போட்டால் சுடுதண்ணீரே வராது. சோலார் டேங்குக்கே பம்ப் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சாதாரண மாடல் தாங்காது. சோதனை முடிந்ததும் மூடிய வால்வைத் திறக்க மறக்க வேண்டாம்.

புதிதாகப் போட்ட பைப்பையும் பாருங்கள். ஹாட் லைனுக்கு சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப் வேண்டும். வெள்ளை யூபிவிசி போட்டிருந்தால் கோடையில் சூட்டில் இளகித் தொங்கும், ஜாயின்ட் கசியும்.

டேங்கைக் காலி செய்ய நேர்ந்தால் விடியும் முன்போ, இருட்டிய பிறகு டியூப் ஆறியதுமோ நிரப்புங்கள். வெயிலில் வெறும் டியூப் 200 டிகிரிக்கு மேல் ஏறும், பச்சைத் தண்ணீர் பட்டால் படீரென்று வெடிக்கும். டேங்கில் தண்ணீரைச் சூடாக்கும் மின் காயிலும் இருந்தால், டேங்க் நிரம்பி வென்ட்டில் தண்ணீர் ஏறும் வரை சுவிட்சைத் தொட வேண்டாம்.