பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் எதற்கு? பெங்களூரிலேயே வாங்கலாமா?

சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் அசல்தான் என்று நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும், எண்ணிட்ட ஸ்டிக்கர்தான் அப்போஸ்டில். நம் பல்கலைக்கழகப் பதிவாளரின் கையெழுத்து லிஸ்பனில் யாருக்குத் தெரியும்? அசலூரில் பெண் கேட்கப் போனால், 'நம்ம பக்கத்துப் பையன்தான்' என்று சொல்ல ஒரு பெரியவர் வேண்டுமே, அப்படி. அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-இல் சேர்ந்ததால், பெரும்பாலான உறுப்பு நாடுகளுக்கு இது போதும். துபாய்க்குப் போதாது, அமீரகத் தூதரக முத்திரையும் வேண்டும்.

பெங்களூர்த் தமிழர்கள் இடறுவது வேறிடத்தில். அண்ணா பல்கலைக்கழகப் பட்டம் என்றால், அப்போஸ்டிலுக்கு முன் வேண்டிய மாநில அரசின் சரிபார்ப்பு தமிழ்நாட்டில்தான். கோரமங்களா முகவரியெல்லாம் கணக்கில் வராது. அது முடிந்தபின் அப்போஸ்டிலுக்கு பெங்களூரிலேயே கொடுக்கலாம்.

இதை ஒட்டிவிட்டால் பட்டம் வெளிநாட்டில் செல்லுபடியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, தகுதி மதிப்பீடும் மருத்துவர், செவிலியர் உரிமமும் அந்தந்த நாட்டில் தனியாக வாங்க வேண்டியவை.