இயற்கைக்கு மாற இத்தனை பார்சலா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கைக்குழந்தை இருக்கும் வீடுகளிலிருந்து. பிள்ளை பிறந்ததும் எல்லாருக்கும் ஒரே எண்ணம்: இனி வீட்டுக்குள் முழுத் தானியம், வாசனை சேர்க்காத சோப்பு, மரப் பொம்மை. நல்ல எண்ணம்தான். ஆனால் கடிதத்தோடு இணைத்து அனுப்பும் பில்களின் நீளத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. இந்த முறை முழுக்க இவர்களுக்கே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: மகனுக்கு நான்கு மாதம். 'கலப்படமில்லாத காட்டுத் தேன், பச்சிளம் குழந்தைக்கும் ஏற்றது' என்று போட்டிருந்ததால் ஒரு பாட்டில் வாங்கினேன். கொதிக்க வைத்துத் தந்தால் பாதுகாப்புதானே?

ப: இல்லை. ஒரு வயது முடியும்வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம். தேனில் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்தால் அவை சாகாது. நம் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கும். கலப்படம் இல்லாத தேனிலும் இதே கதைதான். பாட்டிலை நீங்கள் காலி செய்யுங்கள். 'பச்சிளம் குழந்தைக்கும் ஏற்றது' என்று அச்சடித்த அந்த லேபிளை மட்டும் படம் எடுத்து உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு அனுப்பிவையுங்கள்.

கே: வெள்ளை பிரெட் வேண்டாம் என்று 'பல தானிய பிரெட்'டுக்கு மாறிவிட்டோம். நல்ல பழுப்பு நிறம், மேலே விதைகள். சரியான தேர்வா?

ப: பாக்கெட்டின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். முதல் பெயர் 'முழுக் கோதுமை மாவு' என்றிருந்தால் சரி. 'சுத்திகரித்த மாவு' என்றிருந்தால் தவிடும் முளையும் நீக்கிய அதே வெள்ளை மாவுதான். பல தானியம் என்பது எத்தனை வகை தானியம் என்ற கணக்கு, அவ்வளவே. அவை முழுத் தானியமா என்று அந்தச் சொல் சொல்லாது. பழுப்பு நிறத்துக்குக் கொஞ்சம் கேரமல் போதும். விதையா? நான் ஒருமுறை உட்கார்ந்து எண்ணினேன். ஒரு துண்டுக்குப் பதினொன்று.

கே: குழந்தை உணவை ஆவியில் வேக வைத்து மசித்தும் தரும் மெஷின் வாங்கலாமா?

ப: வீட்டில் முள்கரண்டி இருக்கிறதா? போதும்.

கே: துணி டயப்பருக்கு மாறலாம் என்று '100 சதவீதம் இயற்கை மூங்கில், கிருமியை அண்டவிடாது' என்ற செட்டை வாங்கினேன். பருத்தியைப் போல இரண்டு மடங்கு விலை. தோழி, 'அது மூங்கிலே இல்லை' என்கிறாள். அப்படியா?

ப: தோழி சொல்வது முக்கால்வாசி உண்மை. இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூங்கிலிலிருந்து நேராக நார் உரித்து நெய்ய முடியும். அந்தத் துணி லினன் மாதிரி சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், கடையில் பார்ப்பது அபூர்வம். 'பட்டு மாதிரி மென்மை' என்று விற்பது வேறு. மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைப்பார்கள். பாகு போல ஆனதை நுண்ணிய துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் இழை கிடைக்கும். அதற்குப் பெயர் விஸ்கோஸ். ரேயான் என்றும் சொல்வார்கள். எந்த மரத்துக் கூழைப் போட்டாலும் கடைசியில் வந்து நிற்பது அதே இழைதான். கார்பன் டைசல்பைடு அந்த ஆலைகளில் வேலை செய்பவர்களின் நரம்பைப் பதம் பார்க்கும் பொருள். அது துணியில் தங்கிக் குழந்தையைத் தாக்கும் என்று நான் சொல்லவில்லை. விஸ்கோஸ் மோசமான துணியும் இல்லை. அதற்கு 'இயற்கை மூங்கில்' என்று பெயர் சூட்டி இரட்டிப்பு விலை வாங்குவதோடுதான் என் சண்டை. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009-இலேயே இப்படி விற்றவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தது. மூங்கிலின் கிருமி எதிர்ப்புக் குணம் துணியிலும் தங்கும் என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை என்றது. அப்புறமும் அடங்காமல் போகவே, 2013-இல் நான்கு பெரிய விற்பனை நிறுவனங்கள் சேர்ந்து 12.6 லட்சம் டாலர் அபராதம் கட்டின.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், நானும் ஏமாந்தவள். பேத்தி பிறந்தபோது பன்னிரண்டு வாங்கினேன். தையலுக்குள் மடித்து வைத்திருந்த துண்டு லேபிள் குழந்தையின் தொடையை உறுத்துகிறதே என்று கத்தரிக்கப் போனபோதுதான் படித்தேன்: விஸ்கோஸ் 70, பாலியெஸ்டர் 30. மூங்கில் என்ற சொல்லே அதில் இல்லை. அட்டைப் பெட்டியில் மட்டும் ஒரு மூங்கில் தோப்பே நின்றது.

உங்கள் செட்டிலும் அந்தத் தையல் லேபிளைத் தேடுங்கள். பெட்டி ஒன்று சொல்லி லேபிள் வேறு சொன்னால், பணத்தைத் திருப்பிக் கேட்க அதுவே போதுமான காரணம். துவைத்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டீர்கள், கடை மசியவில்லை என்றால், அதையே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக இன்னொரு செட் வேண்டாம். துணியை மென்மையாக்கும் திரவம் போடாதீர்கள், ஈரத்தை உறிஞ்சாமல் போகும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, துணி டயப்பரால் சூழலுக்கு லாபமா என்பது துவைக்கும் விதத்தைப் பொறுத்தது. மெஷினை நிறைத்துத் துவைத்து, கொடியில் காயப்போட்டு, அடுத்த பிள்ளைக்கும் எடுத்து வைத்தால் லாபம். டிரையரில் போட்டுக்கொண்டே இருந்தால் இல்லை.

கே: 'நேச்சுரல்', 'ஆர்கானிக்' இரண்டும் ஒன்றுதானே?

ப: இல்லை. உணவை ஆர்கானிக் என்று விற்பதற்குப் பல நாடுகளில் சான்று வேண்டும். சான்று தந்தவர் பெயரோ எண்ணோ பாக்கெட்டில் இருக்கும், சரிபார்க்கலாம். 'நேச்சுரல்' என்று போட்டால் யாரிடம் போய்ச் சரிபார்ப்பீர்கள்?

கே: எட்டு மாதக் குழந்தைக்கு மூன்று வேளையும் ஆர்கானிக் பழுப்பரிசிக் கூழ்தான் தருகிறேன். இதைவிட நல்லது உண்டா?

ப: 'மூன்று வேளையும்' என்ற இடத்தில்தான் இடிக்கிறது. நெல் தண்ணீர் தேங்கிய வயலில் வளர்வதால், மண்ணிலும் நீரிலும் உள்ள ஆர்சனிக் என்ற நச்சுப் பொருளை மற்ற தானியங்களைவிட அதிகம் உறிஞ்சிவிடும். தவிட்டில்தான் அது கூடுதலாகத் தங்கும். ஆகவே தவிடு நீக்காத அரிசியில் வெள்ளை அரிசியைவிட அதிகம். ஆர்கானிக் சான்று இதைத் தடுக்காது, ஏனென்றால் ஆர்சனிக் நிலத்திலேயே இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கான அரிசிக் கூழ் மாவில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் கனிம ஆர்சனிக் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-இல் ஒரு வரம்பு வைத்தது. பயந்து அரிசியை விலக்க வேண்டாம். ஒரு வேளை அரிசி, மற்ற வேளைகளில் ஓட்ஸ், கோதுமை, பருப்பு, காய் என்று மாற்றிக் கொடுங்கள். அரிசியை நிறையத் தண்ணீரில் வேக வைத்து வடித்தால் இன்னும் குறையும்.

கே: பல் முளைக்கும் வலிக்கு ஆம்பர் (கல்லாக இறுகிய மரப்பிசின்) மணிமாலை வாங்கிவிட்டேன். இரவு முழுக்கக் கழுத்தில் இருக்க வேண்டுமா, பகலில் போட்டால் போதுமா?

ப: இரவும் வேண்டாம், பகலும் வேண்டாம். இதைப் படித்து முடிக்கும் முன் கழற்றுங்கள். மணி உதிர்ந்தால் மூச்சை அடைக்கும், மாலை எதிலாவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். ஒன்றரை வயதுக் குழந்தை தூக்கத்தில் இப்படி இறந்ததைக் குறிப்பிட்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் எச்சரித்தது. உடல் சூட்டில் மணியிலிருந்து ஏதோ அமிலம் கசிந்து வலியைத் தணிக்கும் என்பது விற்பவர்களின் பேச்சு, சான்று கிடையாது. வாங்கிவிட்டு வந்து எப்படிப் போடுவது என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் எழுதுவது என்றே எனக்குத் தெரியவில்லை. கையைக் கழுவி விரலால் ஈறைத் தேய்த்துவிடுங்கள். சுத்தமான ஈரத் துணியைக் குளிர வைத்துக் கடிக்கக் கொடுங்கள்.

கே: மலிவாகக் கிடைத்ததென்று கணவர் 25 கிலோ முழுக் கோதுமை மாவு வாங்கிவிட்டார். சில மாதத்தில் கசக்கிறது. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

ப: நியாயம் கடைக்காரர் பக்கம். பையில் அச்சிட்ட தேதிக்கு முன்பே, திறக்காத பையிலேயே கசந்தது என்றால் மட்டும் கதை வேறு. தானியத்தின் முளையில் எண்ணெய் இருக்கிறது. அரைத்ததும் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். வெள்ளை மாவில் முளையை எடுத்துவிடுவதால்தான் அது நீண்ட நாள் தாங்குகிறது. முழு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். இதற்குத் தீர்வு காண்கிறேன் பேர்வழி என்று நான் கையால் சுற்றி மாவு அரைக்கும் கருவி வாங்கினேன். அரை மணி நேரம் சுற்றி ஒன்றரைக் கோப்பை மாவு, இரண்டு நாள் தோள்வலி. இப்போது அறைக்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கே: வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு பெண்மணி 'வீட்டில் காய்ச்சிய மூலிகைக் குழந்தை எண்ணெய்' விற்றார். தனக்கும் கைக்குழந்தை என்றார், நம்பினேன். இரண்டாம் நாளே மகளுக்கு முதுகெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. கேட்டதும் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். என் மேலேயே எனக்குக் கோபமாக இருக்கிறது.

ப: உங்கள் மேல் எதற்கம்மா கோபம்? பல நாள் சரியாகத் தூங்காத ஒருத்தியிடம், 'நானும் உன்னைப் போல ஒரு தாய்' என்று பேசி விற்றவர்தான் வெட்கப்பட வேண்டும். முதலில் மகளை மருத்துவரிடம் காட்டுங்கள், பாட்டிலோடு போங்கள். இப்படிப்பட்ட எண்ணெய்களில் கற்பூரம், யூகலிப்டஸ் சேர்ப்பதுண்டு. கைக்குழந்தைக்குக் கற்பூரம் வலிப்பையே வரவழைக்கக்கூடும். என்ன கலந்தது என்று எழுதாத எதையும் இனி அவள் தோலில் தடவ வேண்டாம்.

அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். உங்கள் போனில் இருக்கும் பழைய பேச்சையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். குழுவில் இன்னும் இருக்கும் யாரையாவது பிடித்து, விளம்பரத்தையும் விற்றவரின் எண்ணையும் வாங்குங்கள். உங்களைப் போல இன்னும் இரண்டு பேராவது அங்கே இருப்பார்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கிக்கு இன்றே எழுதுங்கள், ஆட்சேபிக்கக் கால வரம்பு உண்டு. தடிப்பைத் தேதியோடு படம் எடுத்து, மருத்துவரின் சீட்டையும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுங்கள். ஆத்திரத்தில் பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மூடியை இறுக்கி, மேலே தேதி எழுதி, எடுத்து வையுங்கள்.