கடைசி 65 கிலோமீட்டர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரைப் பாதையை மைன்ஹெட்டில் தொடங்கி ஏழு வாரமாக நடக்கிறேன். வேமத் வந்தாயிற்று. இன்னும் நான்கு நாள் நடைதான் பாக்கி. சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரத்தில் ஏனோ கலக்கமாக இருக்கிறது. வேகமாக நடந்து இரண்டே நாளில் முடித்துவிடலாமா என்று தோன்றுகிறது. செய்யலாமா?

பதில்: வேண்டாம். மொத்தம் 1,014 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 950 போய்விட்டது, இனி என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்று மனம் கணக்குப் போட ஆரம்பிக்கும். கடைசி நாட்களில் ஆளைக் கீழே தள்ளுவது அந்தக் கணக்குதான். நானும் இதே பாதையில், லல்வொர்த்தைத் தாண்டி ஒரு ஈரப் புல் சரிவில், இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று எட்டிக் கால் வைத்தேன். வழுக்கியது. அன்று மாலை ஷூவைக் கழற்றவே அரை மணி நேரம் ஆயிற்று, கணுக்கால் அவ்வளவு வீங்கியிருந்தது. அப்புறம் மூன்று நாள் படுக்கை.

மிச்சமிருக்கும் தூரம் குறைவு, ஆனால் சுலபமில்லை. டர்டில் டோர் என்ற பாறை வளைவின் பக்கத்து சுண்ணாம்புக் குன்றுகள் ஏற்றமும் இறக்கமுமாக மூச்சு வாங்கவைக்கும். கிம்மரிட்ஜுக்குப் பிறகு செயின்ட் ஆல்டெல்ம்ஸ் முனையை நெருங்கும்போது செங்குத்தாக இறங்கி, உடனே படிக்கட்டாக ஏற வேண்டும். ஏழு வாரம் உழைத்த முழங்கால் அங்கேதான் பேசும்.

இன்னொன்று, இதை இன்றே பார்த்துவிடுங்கள்: லல்வொர்த்துக்கும் கிம்மரிட்ஜுக்கும் நடுவில் ராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சி நிலம் இருக்கிறது. பெரும்பாலான வார இறுதிகளிலும் சில விடுமுறைக் காலங்களிலும்தான் பாதையைத் திறப்பார்கள், தேதிகளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக் கூடாது, கடலை விட்டு விலகிய வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். திறந்திருந்தாலும் பாதையைக் காட்டும் மஞ்சள் கம்பங்களுக்கு நடுவிலேயே நடங்கள். தரையில் கிடக்கும் எந்த உலோகத் துண்டையும் தொடாதீர்கள். அந்தப் பகுதி திறக்கும் நாளை வைத்து மற்ற நாட்களைத் திட்டமிட்டால், அவசரப்பட வேண்டிய தேவையே இருக்காது.

கலக்கம் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் வந்த திசையில் கடல் எப்போதும் வலது கைப்பக்கம்தான். ஏழு வாரமாகக் காலையில் எழுந்து, அதை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் போதும், வேறு எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை என்று இருந்துவிட்டீர்கள். அது நிற்கப்போகிறது என்றால் மனசு கலங்கத்தானே செய்யும்? அந்தக் கலக்கத்தை விரட்ட வேண்டாம். நடையைச் சீக்கிரம் முடித்தால் அதுவும் முடிந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

வேமத்துக்கு முன்னால் செசில் கடற்கரையைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேற்குக் கோடியில் பட்டாணி அளவு கூழாங்கல், போர்ட்லண்ட் பக்கம் வரவர உள்ளங்கையை நிறைக்கும் அளவு. இருட்டில் கரையேறும் மீனவர்கள் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்களாம். உங்கள் பாதமும் இப்போது அந்த மாதிரித்தான். எந்தப் புல் வழுக்கும், எந்த மண் சரியும் என்று அதற்குத் தெரியும். எங்கே நிற்பது என்பதையும் அதையே முடிவு செய்ய விடுங்கள்.

கேள்வி: என் ஷூவின் அடிப்பாகம் குதிகால் பக்கம் வழவழவென்று தேய்ந்துவிட்டது. கடைசி மூன்று நாளுக்குப் புது ஜோடி வாங்கலாமா?

பதில்: அடி பிய்ந்து தொங்கினால் ஒழிய வேண்டாம். புது ஷூ முதல் நாளே கொப்புளம் போடும், அது ஆற உங்களுக்கு நாள் இல்லை. தேய்ந்த அடியோடு இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக வையுங்கள், கைத்தடி இருந்தால் பாரத்தை அதில் கொடுங்கள். மழை பெய்த அன்று மட்டும் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். சுண்ணாம்பு மண் நனைந்தால் சோப்பு மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: பாதை முடியும் இடத்தில் என்ன இருக்கிறது?

பதில்: பூல் துறைமுக வாயில், சவுத் ஹேவன் முனை. அங்கே ஒரு சின்னம் நிற்கிறது. பக்கத்திலேயே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கார்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் சங்கிலிப் படகு, அதற்குக் காத்திருக்கும் கார்கள். உங்களை வரவேற்க யாரும் நிற்க மாட்டார்கள். தனியாக முடிக்கிறவர்களுக்கு அந்த நிமிஷம் கொஞ்சம் வெறுமையாக இருக்கும், அதனால் முடிந்தால் யாரையாவது அங்கே வரச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் உண்மையான முடிவு அதற்குச் சில மணி நேரம் முன்பே வந்துவிடுகிறது. ஸ்வானேஜைத் தாண்டி ஓல்ட் ஹாரி வெள்ளைப் பாறைகளுக்கு மேலே உட்காருங்கள். வானம் தெளிவாக இருந்தால் கடலுக்கு அந்தப் பக்கம் வைட் தீவின் நீடில்ஸ் பாறைகள் தெரியும். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே சுண்ணாம்புத் தொடராக இருந்தவை, நடுவில் இருந்ததைக் கடல் தின்றுவிட்டது. விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி உட்காருங்கள், அங்கே பாறை உதிரும். அதற்கப்புறம் ஸ்டட்லண்ட் மணல்தான். தண்ணீரை ஒட்டிய ஈர மணலில் நடந்தால் கால் புதையாது.

முடித்த மறுநாளே நடையை அடியோடு நிறுத்தாதீர்கள். இரண்டு வாரமாவது தினமும் கொஞ்ச தூரம் நடந்து, மெல்லக் குறையுங்கள். கால் விரல் நுனி மரத்துப்போன மாதிரி சில நாள் இருக்கலாம். வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.