பழைய கார், புது சீட் பெல்ட்: எந்த போல்ட்டைப் போடுவது?

கேள்வி: பத்து வருடம் ஓடிய கார் ஒன்றை வாங்கினேன். பின்சீட்டில் ஒரு பக்கம் பெல்ட்டைக் காணோம். 'எல்லா காருக்கும் சேரும்' பெல்ட் ஒன்றை மாட்டி, ஹார்டுவேர் கடை போல்ட்டால் முடுக்கித் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: முதலில் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் கவர் போடுகிறவர்கள் பக்கிளை அடியில் தள்ளிவிட்டுப் போவது நம் ஊரில் சகஜம்.

நிஜமாகவே இல்லையென்றால், மெக்கானிக்கின் யோசனை வேண்டாம். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு நொடியில் நின்றால், 60 கிலோ ஆளைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 850 கிலோ விசை வேண்டும். அதைத் தாங்குவது அந்த இரண்டு மூன்று போல்ட்டுகளும் அவை இறங்கும் தகடும்தான். அதனால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பெல்ட்டுக்கு ஏஐஎஸ் (இந்திய வாகனத் தொழில் தரம்) 005 என்றும், அதை மாட்டும் இடத்துக்கு ஏஐஎஸ் 015 என்றும் தனித்தனித் தரம் வைத்தார்கள். ஐ.நா.வின் 14-ஆம் வாகன விதிப்படி, கார்களில் தோள் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் ஒரே சமயத்தில் தலா சுமார் 1,375 கிலோ விசையில் இழுத்துப் பார்ப்பார்கள். தகடு வளையலாம், விட்டுவிடக் கூடாது.

மரையும் ஒரு சிக்கல். பெரும்பாலான கார்களில் இந்த போல்ட் இறங்கும் ஓட்டை 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. கடையில் கிடைக்கும் சாதாரண 12 மி.மீ. போல்ட்டை அதில் வம்பாக ஏற்றினால் கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும்; உள்ளே மரை போயிருக்கும்.

சேஸிஸ் நம்பரைச் சொல்லி, உங்கள் மாடலுக்கான பெல்ட்டையும் போல்ட்டையும் கம்பெனி பாகமாகவே பில்லோடு வாங்குங்கள். செலவு கூடத்தான். காயலான் கடை பெல்ட் விபத்தில் இழுபட்டதாக இருக்கலாம், தொடாதீர்கள். கார்ப்பெட்டைத் தூக்கி ஓட்டையைச் சுற்றித் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பாடி வேலை முதலில். புதிதாக ஓட்டை போட விடாதீர்கள்.

கேள்வி: பெல்ட் போடாவிட்டாலும் பீப் சத்தம் வராமல் இருக்க ஒரு கிளிப் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ உட்பட ஐந்து தளங்களுக்கு உத்தரவிட்டு, இந்த கிளிப்புக்கான 13,118 விளம்பரங்களை நீக்க வைத்தது. இன்னமும் எங்காவது விற்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து சொல்லுங்கள்.