மடிக்கிற போனா, மடங்காத போனா?

கேள்வி: பழைய போனை மாற்றும் நேரம் வந்துவிட்டது. புத்தகம் போல விரியும் 8 அங்குல ஃபோல்டபிள் வாங்கலாமா, 6.9 அங்குலத் திரையுள்ள வழக்கமான உயர்ரக ஃபிளாக்‌ஷிப் போதுமா? வீடியோ நிறையப் பார்ப்பேன். வேலை விஷயமாக பிடிஎஃப்பும் எக்செல்லும் உண்டு.

பதில்: வீடியோவுக்காக என்றால் வேண்டாம். விரித்த 8 அங்குலத் திரை ஏறக்குறைய சதுரம். பரப்பளவில் 6.9 அங்குலத் திரையைவிட 75 சதவீதம் அதிகம். கடையில் கையில் எடுத்ததும் மயங்க வைப்பது அதுதான். ஆனால் 16:9 விகித (அகலம்:உயரம்) வீடியோவை அதில் ஓட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, படம் மூலைக்கு மூலை 6.8 அங்குலத்தில் நின்றுவிடும். மடங்காத போனில் அதே படம் 5.9 அங்குலம். கூடுதலாகக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு பரப்புதான். இன்னும் அகலமான சினிமாஸ்கோப் படம் என்றால் கதையே தலைகீழ். மடங்காத போனில் 6.8 அங்குலம், விரித்த போனில் 6.5!

பிடிஎஃப்பில்தான் ஃபோல்டபிள் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. ஏ4 பக்கத்தை அகலத்துக்குப் பொருத்தினால், 12 புள்ளி (பாயிண்ட்) எழுத்து மடங்காத போனில் 4 புள்ளியாகச் சுருங்கும், படிக்கவே முடியாது. விரித்த திரையில் 8 புள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கண்ணாடி போட்டவர்களும் சமாளிக்கலாம். எக்செல்லிலும் இரண்டு மூன்று நெடுவரிசைகள் கூடுதலாகத் தெரியும். ஒரு வாரம் உங்களையே கவனியுங்கள். ஒரு பக்கத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிப்பது நாளுக்குப் பத்து முறையைத் தாண்டினால் ஃபோல்டபிள் வாங்குங்கள். இல்லையென்றால் மூன்றாவது மாதத்திலிருந்து, மூடியிருக்கும்போது தெரியும் வெளித்திரையை மட்டுமே பயன்படுத்திக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: உள்திரையும் கண்ணாடிதானே? நகம் பட்டாலே கோடு விழும் என்கிறார்களே?

பதில்: கண்ணாடிதான், ஆனால் உங்கள் விரல் தொடுவது கண்ணாடியை அல்ல. 2020-இல் வந்த கேலக்ஸி இசட் ஃபிளிப்பில் சாம்சங் வைத்த மெல்லிய கண்ணாடியின் தடிமன் சுமார் 30 மைக்ரான். தலைமுடியில் பாதிகூட இல்லை. அதன் மேல் பிளாஸ்டிக் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் இந்தப் படலம் 2, 3 என்ற இடத்திலேயே கோடு வாங்கிவிடும். நகம் 2.5. ஆகவே சும்மா தொட்டால் ஒன்றும் ஆகாது. நகத்தை அழுத்தி இழுத்தால் தடம் விழும். மணல் 7. அதற்கு வழக்கமான போன் கண்ணாடியே தாங்காது.

அந்தப் படலத்தை ஸ்க்ரீன் கார்டு என்று நினைத்து உரித்துவிடாதீர்கள். 2019-இல் முதல் கேலக்ஸி ஃபோல்டைச் விமர்சனம் எழுதச் சோதித்துப் பார்த்த சிலர் அப்படி உரித்ததில் திரையே செத்துப்போனது. வேறு சில போன்களில் கீல் பக்கமாகத் தூசி நுழைந்தது. ஏப்ரலில் வரவேண்டிய போன் செப்டம்பரில்தான் வந்தது. ஓரிரு வருடத்தில் மடிப்புக் கோட்டில் படலம் குமிழ் விடலாம். மடித்து மடித்துப் பசை தளர்வதால் வருவது அது. ஊசியால் குத்தவோ, அழுத்தி ஒட்டவோ பார்க்க வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் படலத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே டெம்பர்ட் கிளாஸ் ஒட்டவே கூடாது. அது மடியாது, போனும் மூடாது. துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். மூடுவதற்கு முன் திரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு மணல் துகள் இடையில் மாட்டினாலும் அழுத்தம் முழுவதும் அந்தப் புள்ளியில்தான் இறங்கும்.

கேள்வி: ஐபி48, ஐபி68 என்ன வித்தியாசம்? இரண்டிலும் 8 இருக்கிறதே?

பதில்: ஐபி என்பது தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் தரக்குறியீடு. 8 தண்ணீருக்கு; இரண்டும் நல்ல தண்ணீரில் மூழ்கினால் தாங்கும். உப்புத் தண்ணீருக்கு அந்த உறுதி இல்லை. முதல் எண்தான் தூசிக்கு. 6 என்றால் தூசி உள்ளே போகவே போகாது. 4 என்றால் 1 மி.மீ.க்கு மேல் பருமனானவை மட்டும் போகாது. மாவும் பொடிமணலும் அதைவிடச் சிறியவை. சாம்சங்கின் ஃபோல்ட் 6, ஃபோல்ட் 7 இரண்டும் ஐபி48தான். 2025-இல் கூகுளின் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்ட் ஐபி68 வாங்கியது. தூசியில் வேலை செய்பவர்கள் பார்க்க வேண்டியது இந்த 6-ஐத்தான்.

கேள்வி: 2 லட்சம் முறை மடிக்கலாம் என்று நிறுவனங்கள் சொல்வதை நம்பலாமா?

பதில்: எண்ணிக்கையை நம்பலாம். நாளுக்கு 100 முறை என்றால் ஐந்தரை வருடம். ஆனால் அது அறை வெப்பநிலையில், இயந்திரம் ஒரே சீராக மடித்த கணக்கு. நாமோ ஒரு மூலையைக் கட்டைவிரலால் நெம்பித் திறப்போம். கடும் குளிரில் படலமும் பசையும் விறைத்துவிடும். அந்த நேரத்தில் சடாரென்று விரித்தால் மடிப்பில் விரிசல் விடலாம். இரண்டு கையாலும் விரியுங்கள், குளிரிலிருந்து வந்தால் போன் சற்றுச் சூடு ஏறட்டும்.

கேள்வி: இவ்வளவு விலை கொடுத்தும் ஜூம் ஏன் சுமார்தான்?

பதில்: இடம் இல்லை, அவ்வளவுதான். விரித்த ஃபோல்ட் 7-இன் தடிமன் 4.2 மி.மீ.; அதே வருடத்து மடங்காத சாம்சங் போனான எஸ்25 அல்ட்ரா 8.2. மெயின் கேமரா இரண்டிலும் 200 மெகாபிக்சல். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலிஃபோட்டோ கேமராதான் அடி வாங்குகிறது: அல்ட்ராவில் 5 மடங்கு ஜூமுக்கு 50 மெகாபிக்சல், ஃபோல்டில் 3 மடங்குக்கு 10. மேடையில் ஆடும் குழந்தையைத் தூரத்திலிருந்து எடுப்பவர்கள் ஃபோல்டை விட்டுவிடலாம். செல்ஃபி பிரியர்களுக்கு இதே போன் லாபம். வெளித்திரையைப் பார்த்துக்கொண்டே பின்கேமராவில் எடுக்கலாம்.

கேள்வி: பயன்படுத்திய ஃபோல்டபிள் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. எப்படிச் சோதிப்பது?

பதில்: திரையை அணைத்து, விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் குமிழும் கோடும் தெரிந்துவிடும். பிறகு வெறும் வெள்ளைப் படத்தைத் திரை முழுக்க வையுங்கள். மடிப்பில் கறுப்புக் கோடோ புள்ளியோ இருந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஏதாவது ஒரு ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து, மடிப்பைக் கடந்து மெதுவாக இழுங்கள். நடுவில் நழுவி விழுந்தால் அந்த இடத்தில் தொடு உணர்வு போய்விட்டது. முழுவதும் விரித்து, கண்மட்டத்தில் பக்கவாட்டாகப் பார்த்தால் நேர்கோடாக இருக்க வேண்டும். திறக்கும்போது நறநறவென்று சத்தம் வந்தால் கீலில் மண்; எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொன்னால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, பலர் செய்ய மறப்பது. பாட்டை ஓடவிட்டு, சார்ஜரையும் செருகி, இருபது முறை திறந்து மூடுங்கள். இரண்டு பாதியிலும் தனித்தனி பேட்டரி உண்டு; அவற்றை இணைக்கும் மெல்லிய கேபிள் கீல் வழியாகத்தான் போகிறது. பாட்டு விட்டு விட்டு வந்தாலோ, சார்ஜ் நின்றாலோ, திரை மினுக்கினாலோ கேபிள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். உள்திரையை வெளிக்கடையில் மாற்றியிருந்தால் தண்ணீர்ப் பாதுகாப்பு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து அந்த மாடலின் உள்திரை மாற்ற எவ்வளவு என்று கேளுங்கள். விற்பவர் சொல்லும் விலையில் பாதியை அது தாண்டினால் வாங்க வேண்டாம்.