அம்மாவின் பீரோ: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா காலமாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. திருச்சியில் அவர் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, பீரோவை மட்டும் அப்படியே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். எண்ணிப் பார்த்தேன், 118 புடவைகள். அதில் பட்டு மட்டும் 31. பாதிக்கு மேல் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரிலேயே இருக்கின்றன. நேற்று மாம்பழக் கலர் பட்டு ஒன்றைப் பிரித்தேன். மடிப்பில் கோடு போட்டதுபோல் கிழிந்திருந்தது. ஒரு வருஷம் உடுத்தாத துணி வீட்டில் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் ஆசிரமத்துக்குக் கொடுத்துவிடு என்கிறாள் மகள். அவள் இப்போது ஏழு மாதம். குழந்தை வந்தால் அலமாரியில் இடம் வேண்டும் என்பதும் நியாயம்தான். எனக்குத்தான் மனசு வரவில்லை. எதை வைத்துக்கொள்வது, எப்படிக் காப்பாற்றுவது?

உங்கள் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த மாம்பழக் கலர் புடவை வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேலே படித்தேன். என் கூறைப்புடவை அப்படித்தான் போயிற்று. அரக்குச் சிவப்பு, ஒரு சாண் ஜரிகை. பதினொரு வருஷம் அதே கவரில், அதே மடிப்பில், மேலே நாலு புடவை பாரத்தோடு கிடந்தது. தங்கை மகள் கல்யாணத்துக்கு எடுத்து உதறினேன். காய்ந்த வாழைச்சருகு கிழிகிற சத்தம் கேட்டது. நாலு மடிப்பிலும் நாலு கோடு.

ஏன் என்று அப்புறம்தான் புரிந்துகொண்டேன். அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, தங்க முலாம் பூசியது. உலோகம்தானே? ஒரு கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வைத்துக்கொண்டே இருந்தால் அங்கேதான் ஒடியும். ஒடிந்த முனை பக்கத்துப் பட்டு இழையை அறுக்கும். உடுத்திய வியர்வை காயாமல் மடித்திருந்தால் பட்டும் தானாகவே நைந்துபோகும். பிளாஸ்டிக் கவர் அந்த ஈரத்தை வெளியே விடாது. ஈரமும் காற்றில் இருக்கும் கந்தகமும் சேர்ந்தால் வெள்ளி கறுக்கும். புடவைக் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது.

எனவே இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். 31 பட்டையும் கவரிலிருந்து எடுங்கள். கொடுப்பதா வைப்பதா என்பதை அப்புறம் பார்க்கலாம். காலையில், நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம் விரித்துப் போடுங்கள். வெயில் வேண்டாம், சாயம் வெளுக்கும். பழைய மடிப்பில் விழாமல் வேறு இடத்தில் மடியுங்கள். பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்து, ஒவ்வொன்றாகச் சுற்றி வையுங்கள். கஞ்சி போடாத வேட்டியாக இருக்கட்டும், கஞ்சிக்குப் பூச்சி வரும். கனமான பட்டை ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள். முழுப் பாரமும் ஒரே கோட்டில் இறங்கும்.

இனி எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி. மகள் சொல்லும் ஒரு வருஷக் கணக்கு சுடிதாருக்குச் சரி, நைட்டிக்குச் சரி. கல்யாணத்துக்குக் கல்யாணம் எடுக்கிற பட்டுக்கு அது ஒத்துவராது. நான் வேறு கணக்கு வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரே மத்தியானத்தில், எத்தனை பட்டைப் பிரித்து உதறி மடிப்பு மாற்ற என்னால் முடிகிறது? அவ்வளவுதான் என் பீரோவில் இருக்கும். எனக்கு அது 12. ஐந்தரை மீட்டர் பட்டை ஒற்றை ஆளாக மடித்தால் தரையில் புரளும். எதிர் வீட்டுப் பெண் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். உங்களுக்கு 15 முடியலாம், எட்டுத்தான் முடியலாம். அதற்கு மேல் வைத்தால் அம்மாவின் ஞாபகம் என்று நாம் நினைப்பது உள்ளுக்குள் கறுத்து ஒடிந்துகொண்டிருக்கும். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் கைவசம் இருந்ததை இப்படித்தான் இழந்தேன்.

நல்ல நிலையில் இருக்கும் மற்ற பட்டுகளைச் சொந்தத்தில் கேட்டுக் கொடுங்கள். அத்தை மகள், சித்தி, அம்மாவோடு கோயிலுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது இருப்பார்கள். ஆசிரமத்தில் இருக்கும் பாட்டிகளுக்குப் பட்டு எதற்கு? அவர்களுக்கு வேண்டியது மெத்தென்ற நூல் புடவை, அளவான ரவிக்கை, பாவாடை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரத்தில் பழைய துணி குவிந்து கிடந்தது. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். ஆனால் வாங்குகிறவர்களுக்கும் மானம் உண்டு. எனவே கொடுக்கும் புடவையைத் துவைத்து, ஃபால்ஸ் பிரிந்திருந்தால் தைத்து, இஸ்திரி போட்டு, என்ன தேவை என்று போனில் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். நைலக்ஸ், பூனம் போன்ற செயற்கை இழைப் புடவைகளைப் பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கிக்கொள்வதில் குறை ஒன்றுமில்லை. அம்மாவே அதைச் செய்திருப்பார்.

நிறைய பேர் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். நிற்காது. ஏற்கெனவே சரியாகப் பிடிக்காத சாயத்தை வீட்டு உப்பால் பிடிக்கவைக்க முடியாது. பட்டை ஊறவைக்கவே கூடாது. உடம்பு ஒரு நிறம், பார்டர் ஒரு நிறமாக இருப்பதைத் தெரிந்த டிரை கிளீனிங் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இப்போது உங்கள் மகளுக்காக ஒரு விஷயம். நூல் புடவைகளில் நைந்தும் மிருதுவாகவும் இருப்பவற்றைத் தூளிக்கும், குழந்தைக்கு விரிக்கவும் எடுத்து வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். பீரோவில் அந்துருண்டை போட்டிருந்தால் அந்தத் துணி குழந்தையிடம் போகவே வேண்டாம். அந்துருண்டையில் இருப்பது பெரும்பாலும் நாப்தலின். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரக்கூடும். குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று வெளிப்பார்வைக்குத் தெரியாது. பீரோவில் மீதி இருக்கும் உருண்டைகளை எடுத்துவிட்டு, ஒரு வாரம் கதவைத் திறந்து போடுங்கள். குழந்தை துணிக்குத் தனி அலமாரி, தனி அறை என்றால் இன்னும் நல்லது. தூளிக்குப் புதிதாக ஒரு நூல் புடவை வாங்கி, நாலைந்து தடவை துவைத்தால் மெத்தென்று ஆகிவிடும்.

பட்டு இருக்கும் இடத்தில் வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து வையுங்கள். காய்ந்த வேப்பிலையும் போடலாம், இரண்டும் புடவையில் நேராகப் படக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பு மாற்றும்போது முடிச்சையும் மாற்றிவிடுங்கள்.

அந்த மாம்பழக் கலர் புடவையை யார் கேட்டாலும் எடைக்குப் போட வேண்டாம். உடம்பு போயிருந்தாலும் முந்தியும் பார்டரும் பெரும்பாலும் தப்பித்திருக்கும். கிழிந்த பக்கம் மேலே இருக்கும்படி தளர்வாகச் சுருட்டி வையுங்கள், மடிக்காதீர்கள். என் கூறைப்புடவையின் பார்டரை ஒரு பருத்திப் புடவைக்கு வைத்துத் தைத்திருக்கிறேன். போன தைப்பொங்கலுக்கு அதைத்தான் கட்டினேன்.

அன்புடன்,
அக்கா